இரண்டு வீட்டுக்கும் ஒரே பெரியவர்

1868 நவம்பர் 9, திங்கள்

இன்று காலை ஜன்னலைத் திறந்தபோது தோட்டத்தைக் காணோம். புல் இல்லை, பாதை இல்லை, கொட்டகைக் கூரை இல்லை. எல்லாம் ஒரே வெள்ளை. ‘வெண்பனி’ என்று அகராதிச் சீட்டில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதற்குப் பொருளும் எழுதியிருக்கிறேன். எழுதியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் பக்கத்தில் மழை என்றால் முதலில் காற்று வரும், மண் வாசனை வரும், ஓட்டில் சத்தம் கேட்கும். இது ஒன்றுமே சொல்லாமல் வந்து உலகத்தை மாற்றி வைத்திருக்கிறது. வாசலில் நெடுநேரம் நின்றேன். உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தேன். பார்ப்பதற்குள் போய்விட்டது.

“என்ன வே, முன்ஷி, அங்க நின்னு நீரும் கரைஞ்சு போயிரப் போறீரு. உள்ள வாரும்” என்று பின்னாலிருந்து ரெய்னர் துரையின் குரல் கேட்டது. என்னோடு அவர் தமிழில்தான் பேசுவார். மற்றவர்களோடு எந்தப் பாஷையிலும் அதிகம் பேசுவதில்லை.

இந்தக் குறிப்பை இன்று தொடங்குவதால் விவரங்களை முறையாக எழுதி வைக்கிறேன். நான் அருமைநாயகம். பாளையங்கோட்டையில் வெள்ளைக்காரத் துரைமார்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் முன்ஷியாக இருந்தவன். ரெய்னர் துரை அங்கே சப் கலெக்டராக இருந்தபோது என்னிடம் படித்தார். மனைவியை அங்கே கல்லறையில் வைத்துவிட்டு, வேலையை விட்டுவிட்டுச் சீமைக்குத் திரும்பினார். தமிழ் அகராதி ஒன்று செய்யவேண்டும் என்று என்னையும் கூட அழைத்தார். என் மனைவி நேசம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகளும் இல்லை. அதனால் வந்தேன். இந்த வயதில் கடல் கடந்தது சரிதானா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. வசந்த காலத்தில் கப்பலேறி ஊர் திரும்புவதாக ஏற்பாடு.

யார்க்‌ஷர் என்னும் இந்தச் சீமை முழுவதும் மேடும் காற்றும்தான். வீடு பெரியது. துரை, அவருடைய இறந்த தம்பியின் மகள் லூயிசா, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மிஸஸ் டாட், நான். அவ்வளவு பேருக்கு இத்தனை அறைகள்.

நவம்பர் 12, வியாழன்

லூயிசாவுக்குப் பாடம் சொல்லப் புதிய ஆசிரியை வந்தார். பெயர் மிஸ் லாங்லி. பாதிரியார் ஒருவருடைய மகள், தாய் தகப்பன் இல்லாதவர். வண்டி பனியில் சிக்கிக்கொண்டதால் கேட்டிலிருந்து நடந்தே வந்தார், ஒரு கையில் பெட்டி, மறு கையில் தொப்பி. துரை வெளியே வரவில்லை.

“இதுக்கு முன்ன வந்த ரெண்டு பேரும் அழுதுக்கிட்டேதான் போனாக. இந்தப் பிள்ளை எத்தனை நாளைக்கோ” என்றார் மிஸஸ் டாட். அவர் பேசும் ஆங்கிலம் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. அதை எங்கள் ஊர்ப் பேச்சாகவே இங்கே எழுதிக்கொள்கிறேன். அப்படித்தான் என் காதில் விழுகிறது.

நவம்பர் 20, வெள்ளி

துரை நூலகத்தில் இருக்கும்போது வீட்டில் சத்தம் கூடாது என்பது விதி. குழந்தை கால்விரலால் நடக்கப் பழகியிருக்கிறது. இன்று மிஸ் லாங்லி நேரே நூலகத்துக்குள் வந்தார்.

“ஏழு வயதுக் குழந்தை ஓட வேண்டும், மிஸ்டர் ரெய்னர். நீங்கள் வேண்டுமானால் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள்.”

எனக்குக் கையிலிருந்த சீட்டுகள் நழுவின. துரை அவரையே பார்த்தபடி என்னிடம் தமிழில் கேட்டார்: “இந்தப் பொண்ணுக்குப் பயம்னா என்னன்னே தெரியாதா வே?”

“என்ன சொன்னார்?” என்று மிஸ் லாங்லி என்னைக் கேட்டார்.

“குளிரைப் பற்றிச் சொன்னார்” என்றேன்.

“குளிரைப் பற்றிப் பேச என் முகத்தை ஏன் பார்க்க வேண்டும்?”

நான் குனிந்து சீட்டுகளைப் பொறுக்கினேன். அவர் போன பிறகு மாடியில் தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது. துரை கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிறுத்தச் சொல்லவில்லை.

நவம்பர் 21, சனி

ஜலதோஷம். கொண்டுவந்த சுக்கு தீர்ந்துவிட்டது.

டிசம்பர் 8, செவ்வாய்

‘எச்சில்’ என்ற சொல்லிலேயே ஒரு வாரமாக நிற்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு சொல் கிடையாது. உமிழ்நீர் என்றால் போதாது. வாய் பட்டதெல்லாம் எச்சில், வாய் பட்ட பாத்திரத்தைத் தொட்ட கையும் எச்சில். துரை எழுதுகிறார், அடிக்கிறார், எழுதுகிறார்.

மிஸ் லாங்லி லூயிசாவோடு நெருப்பருகே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இப்போது அவர்கள் மாலைத் தேநீர் நூலகத்தில்தான். எப்போது அப்படி ஆனது என்று நான் குறித்து வைக்கவில்லை. என்ன சிக்கல் என்று கேட்டார். துரை ஆங்கிலத்தில் விளக்கினார். நீளமாகவே விளக்கினார்.

“அப்படியானால் நான் குடித்த இந்தக் கோப்பை?”

“எச்சில்” என்றார் துரை.

“இதை வேறொருவர் குடிக்க மாட்டாரா?”

“எங்கள் ஊரில் மாட்டார்கள்” என்றேன். “தாய் குடித்ததைக் குழந்தை குடிக்கலாம். அங்கே மட்டும் எச்சில் கிடையாது.”

“நான் தாய் இல்லையே” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் லூயிசா அந்தக் கோப்பையை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டது.

துரை எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். பிறகு அந்தச் சீட்டை அவர் முடித்த விதம் மிக அழகாக இருந்தது. அதைப் படித்துவிட்டு நெடுநேரம் கையில் வைத்திருந்தேன்.

டிசம்பர் 25, வெள்ளி

கிறிஸ்து பிறந்த நாள். கோவிலில் ஆங்கிலத்தில் பாடினார்கள், நான் என் பாட்டுக்குத் தமிழில் மெதுவாகப் பாடினேன். திரும்பும்போது பாதை கண்ணாடி போல் உறைந்து கிடந்தது. நான் விழுந்துவிடுவேன் என்று மிஸ் லாங்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மிஸ்டர் நாயகம், பண்டிகை நாளில் ஆசீர்வாதம் கேட்க எனக்கு ஒரு பெரியவர் இல்லை. நீங்கள் எனக்குப் பெரியவராக இருப்பீர்களா?”

தலையை அசைத்தேன்.

“அது என்ன, ஆமாம் என்றா, இல்லை என்றா? தலையை எல்லாப் பக்கமும் ஆட்டுகிறீர்கள்.”

“எங்கள் ஊரில் இது போதும்.”

“எங்கள் ஊரில் போதாது. வாயைத் திறந்து சொல்லுங்கள்.”

“ஆமாம்” என்றேன். அந்த மேட்டில் என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. முன்னால் துரையும் குழந்தையும் போய்க்கொண்டிருந்தார்கள். துரை திரும்பிப் பார்த்தார்.

1869 ஜனவரி 14, வியாழன்

ஜன்னலோரத்தில் வெளிச்சம் நன்றாக இருந்ததால் மேஜையை அங்கே நகர்த்திக்கொண்டேன். வேறு காரணம் இல்லை. கீழே குளம் உறைந்திருக்கிறது. தண்ணீரின் மேல் மனிதர் நடப்பதை வேதாகமத்தில்தான் படித்திருக்கிறேன். இங்கே கண்ணால் பார்க்கிறேன். துரையும் மிஸ் லாங்லியும் லூயிசாவை நடுவில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பிறகு லூயிசா தனியாக ஓடிவிட்டது. அவர்கள் அதே இடைவெளி விட்டு, நடுவில் குழந்தை இருப்பது போலவே நடந்தார்கள்.

இன்று வேலை அதிகம் நடக்கவில்லை.

பிப்ரவரி 2, செவ்வாய்

காலை துரை நூலகக் கதவைச் சாத்தினார். சீட்டுகளைத் தொடவில்லை.

“வே, உங்க ஊர்ல ஒரு பொண்ணைக் கேக்கணும்னா எப்படிக் கேப்பீங்க?”

அகராதிக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். ‘பெண் கேட்டல்’ என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டே விவரம் சொல்லத் தொடங்கினேன். மாப்பிள்ளை போக மாட்டார், அவர் வீட்டுப் பெரியவர் போவார், தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், சர்க்கரை—

“எழுதாதீரும்” என்றார்.

பேனாவை வைத்தேன்.

“எனக்காகப் போவீரா?”

யாரிடம் என்று நான் கேட்கவில்லை. “இது உங்கள் தேசம், துரையவர்களே. இங்கே நீங்களே கேட்பதுதானே வழக்கம்?”

“ஒரு தடவை கேட்டேன். முழங்கால் போட்டு, அழகா இங்கிலீஷ்ல. இந்தியாவுக்கு வாறியான்னேன். வந்தா. இப்ப எங்க கெடக்கான்னு உமக்குத் தெரியும்.” கொஞ்ச நேரம் நெருப்பைக் கிளறினார். “இவ என்கிட்ட சம்பளம் வாங்குதா. என் கூரைக்குக் கீழ இருக்கா. நான் நேர்ல போயி நின்னா எப்படி வே ‘மாட்டேன்’னு சொல்லுவா? நடுவுல ஒரு ஆளு இருந்தா அவன்கிட்ட சொல்லிட்டுப் போயிரலாம். என் மூஞ்சியப் பாக்க வேண்டாம். உங்க வழக்கத்துல அந்த மரியாதை இருக்கு.”

பிறந்ததிலிருந்து அந்த வழக்கத்துக்குள்ளேயே இருப்பவன் நான். அதற்குள் இப்படி ஒரு கருணை இருப்பது எனக்குத் தெரியாது. அதை ஒரு வெள்ளைக்காரர் திருநெல்வேலிப் பேச்சில் எனக்குச் சொல்கிறார்.

“அவளுக்குப் பெரியவர்னு யாரு இருக்கான்னு விசாரியும். அவர்கிட்டயும் முறையாப் பேசணும்லா.”

“நான்தான்” என்றேன். “கிறிஸ்துமஸ் அன்று ஒப்புக்கொண்டுவிட்டேன்.”

என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். இந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. “அப்ப சரி. தட்டை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்திக்கிடும்.”

கேட்கப் போகிறவனும் நானே, கொடுக்க வேண்டியவனும் நானே. இதற்கு நான் தகுதியானவனா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 3, புதன்

வெற்றிலைக்கு எங்கே போவது? தட்டில் ஆப்பிள், ஒரு ஆரஞ்சு, சீனிக்கட்டி வைத்தேன்.

“சீனியும் ஆப்பிளும் எதுக்கு, நாயகம் ஐயா? குதிரைக்கா?” என்றார் மிஸஸ் டாட்.

பாட அறையில் மிஸ் லாங்லி தனியாக இருந்தார். தட்டை மேஜை மேல் வைத்தேன். மனப்பாடம் செய்திருந்த ஆங்கில வாக்கியங்கள் வரிசை மாறின. ரெய்னர் துரை வீட்டார் சார்பில் உங்களைப் பெண் கேட்டு வந்திருக்கிறேன் என்று ஒருவாறு சொல்லி முடித்தேன்.

“அவரா உங்களை அனுப்பினார்?”

“ஆம்.”

அவர் தட்டைப் பார்த்தார். கன்னம் சிவந்தது, கழுத்து வரை சிவந்தது. தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் கடந்து, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

மெய்சிலிர்த்து நின்றேன். நேசம்மாளை நான் பெண் பார்க்கப் போனபோது இதேதான். சிவந்த முகம், குனிந்த தலை, ஒரு வார்த்தை இல்லை, உள் கதவு. இத்தனை கடல் தாண்டி, இத்தனை பனி தாண்டி, அதே அடையாளம்! மனித இனம் ஒன்றே என்பதை இன்று கண்ணால் கண்டேன்.

துரை நூலகத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

“தலையக் குனிஞ்சாளா?”

“குனிந்தார்.”

“ஒண்ணும் சொல்லலையா?”

“ஒன்றும் சொல்லவில்லை, துரையவர்களே. எழுந்து உள்ளே போய்விட்டார். சம்மதம்தான்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் சீட்டுப் பெட்டியைத் தூசி தட்டினேன்.

பிப்ரவரி 4, வியாழன்

வக்கீலைப் பார்க்கவும் மோதிரம் வாங்கவும் துரை யார்க் நகரத்துக்குப் புறப்பட்டார். திங்கட்கிழமை திரும்புவார். “நிச்சயம் ஆகுறதுக்கு முன்னாடி நான் அவ முன்ன போயி நிக்கக் கூடாதுல்லா?” என்று கேட்டார். நான் மிகவும் பாராட்டினேன்.

பிப்ரவரி 6, சனி

பனி இன்னும் உருகவில்லை. மிஸ் லாங்லி சாப்பாட்டுக்கு வரவில்லை. புதுப்பெண்ணின் வெட்கம்.

மிஸஸ் டாட் மாவு பிசைந்துகொண்டே சொன்னார்: “உம்ம மிஸ் திங்கக்கிழமைக்கு வண்டி சொல்லியிருக்காக. பெட்டியெல்லாம் கட்டியாச்சு.”

கல்யாணத்துக்கு முன் பெண் தன் வீட்டுக்குப் போய்விட்டு வருவதுதானே முறை என்றேன்.

“அவகளுக்கு வீடு ஏது, மனுசா? வேற ஊர்ல வேலை தேடிப் போறாக. மூணு நாளா அழுத கண்ணு. சின்னப் பிள்ளை என்னடான்னா படிக்கட்டுல உக்காந்து விக்கி விக்கி அழுது. நீரு என்னத்தைச் சொல்லித் தொலைச்சீரு?”

மேலே வந்து இதை எழுதுகிறேன். எங்கே தவறு என்று தெரியவில்லை. தவறு என்னுடையதாகத்தான் இருக்கும் என்பது மட்டும் தெரிகிறது. துரையிடம் ‘சம்மதம்’ என்று சொன்னவன் நான்.

பிப்ரவரி 7, ஞாயிறு

கோவிலிலிருந்து வந்ததும் பாட அறைக்குப் போனேன். கதவு வரை போய்விட்டு, மூக்குக் கண்ணாடியை எடுத்துவரக் கீழே இறங்கினேன். அது மூக்கில்தான் இருந்தது. மறுபடியும் ஏறினேன்.

“மிஸ் லாங்லி, எதற்காகப் போகிறீர்கள்?”

“மறுத்த பிறகு இந்த வீட்டில் எப்படி இருப்பது?”

“மறுத்தீர்களா? எப்போது?”

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். “ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வெளியே போனேனே, மிஸ்டர் நாயகம்! ஒரு பெண் அதைவிடத் தெளிவாக எப்படி மறுப்பாள்?”

உட்கார்ந்துவிட்டேன். “எங்கள் ஊரில் அதுதான் சம்மதம்” என்றேன்.

“பேசாமல் இருப்பதா?”

“பேசாமல், தலை குனிந்து, உள்ளே போவது. அது போதும். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். துரைக்கும் அதுதான் தெரியும். அவர் மோதிரம் வாங்கப் போயிருக்கிறார்.”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு கோபம் வந்தது. “அவரே ஏன் வரவில்லை? சமையல்காரி வைப்பது போல, ஒரு தட்டில் ஆப்பிளை வைத்து உங்களை அனுப்புகிறார். என் முகத்தைப் பார்த்துக் கேட்கக்கூட நான் தகுதியில்லாதவளா?”

துரை சொன்னதை நான் அவரிடம் சொல்ல அதிகாரம் உண்டா என்று யோசித்தேன். இரண்டு பக்கத்துக்கும் பெரியவன் என்றால் உண்டு என்று முடிவு செய்தேன். சம்பளம், கூரை, ‘மாட்டேன்’ என்று சொல்ல இடம், எல்லாவற்றையும் சொன்னேன். பாளையங்கோட்டைக் கல்லறையையும் சொன்னேன். என் வாழ்நாளில் இடைவிடாமல் இவ்வளவு நேரம் ஆங்கிலம் பேசியதில்லை.

அவர் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“உங்கள் மனைவியையும் இப்படித்தான் கேட்டீர்களா?”

“என் சித்தப்பா கேட்டார். நேசம்மாள் ஒன்றும் சொல்லவில்லை.”

“பிறகு? கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் கேட்டீர்களா?”

மணி அடித்தது. லூயிசாவின் சாப்பாட்டு நேரம்.

எழுந்து வந்தேன். திங்கட்கிழமை வண்டி என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. பேசாமல்தான் இருந்தார். அதற்கு இந்த முறை நான் பொருள் எழுதவில்லை.

பிப்ரவரி 8, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை மிஸ் லாங்லி கேட்ட வண்டி வந்து நின்றது. பெட்டி வாசலுக்கு வந்தது. லூயிசா அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, இறங்க மாட்டேன் என்றது. அதே நேரம் ஸ்டேஷன் வண்டி கேட்டுக்குள் திரும்பியது. அதிலிருந்து துரை இறங்கினார். புதுக் கோட்டு. சவரம் செய்து, முடி வெட்டி, பத்து வயது குறைந்திருந்தார். பெட்டியைப் பார்த்தார். மிஸ் லாங்லியைப் பார்த்தார். முகம் பழைய முகமாக ஆனது.

அவர் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்: “என்ன வே இது? சம்மதம்னீரே?”

நான் பதில் சொல்வதற்குள் மிஸ் லாங்லி படியிறங்கி வந்தார். குரலைத் தாழ்த்தவில்லை. வண்டிக்காரனும் மிஸஸ் டாட்டும் கேட்கத்தான் பேசினார்.

“மிஸ்டர் ரெய்னர், நான் சம்மதிக்கவும் இல்லை. உங்களை மறுக்கவும் இல்லை. நீங்கள் என்னிடம் கேட்கவே இல்லையே.” கைப்பையைத் திறந்து, பாட அறைச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். “இதோ, வேலையை விட்டுவிட்டேன். இனி உங்களிடம் சம்பளம் வாங்குகிறவள் இல்லை. உங்கள் கூரைக்குக் கீழேயும் நிற்கவில்லை. என் வண்டி இங்கேயே இருக்கிறது. ‘மாட்டேன்’ என்று சொன்னால் ஏறிப் போய்விடுவேன். எனக்கு ஒரு பயமும் இல்லை. இப்போது கேளுங்கள்.”

வானம் வெளுத்திருந்தது. குதிரை பெருமூச்சு விட்டது. அந்த வீட்டின் முன்னால் அத்தனை உயரமாக ஒரு மனிதப் பிறவி நின்று நான் பார்த்ததில்லை.

துரை சாவியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். “முன்ஷி, நான் என்ன செய்ய?” தமிழில்தான் கேட்டார். குரல் சிறு பையனுடையது போல் இருந்தது.

அவர் தமிழில் கேட்டதற்கு நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னது அதுவே முதல் தடவை. மிஸ் லாங்லிக்கும் புரியவேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

“கேளுங்கள், துரையவர்களே. இந்த வீட்டுப் பெரியவனாகச் சொல்கிறேன். அந்த வீட்டுப் பெரியவனாகவும் சொல்கிறேன்.”

அவர் கேட்டார். என்ன சொற்களில் கேட்டார் என்பதை எழுத மாட்டேன். அவை எனக்குச் சொன்னவை அல்ல. திக்கினார், ஒரு முறை நிறுத்தினார். மறுத்தாலும் குழந்தையைப் பார்க்க எப்போதும் வரலாம் என்றார். அதுதான் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மிஸ் லாங்லி தலை குனியவில்லை. நேராகப் பார்த்தார்.

“ஆம்” என்றார். “எனக்குச் சம்மதம்.”

தன் கல்யாணத்துக்கு ஒரு பெண் தன் வாயால் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. அவ்வளவு சிறிய சொல், பனியில் அவ்வளவு தூரம் போயிற்று.

“நல்லாக் கேட்டுக்கிட்டீரா, நாயகம் ஐயா?” என்றார் மிஸஸ் டாட், முந்தானை போல் மேலங்கியால் மூக்கைத் துடைத்தபடி. “இனிமேயாவது மாத்திச் சொல்லிராதீரும்.”

“பெட்டியை ஏத்தவா, எறக்கவா?” என்று வண்டிக்காரன் கேட்டான். லூயிசா அவன் கையைக் கடித்துவிட்டது.

பிப்ரவரி 9, செவ்வாய்

சீட்டு வேலை மறுபடி தொடங்கியது. ‘பெண் கேட்டல்’ என்ற சீட்டை எடுத்தேன். நான் எழுதியிருந்த விளக்கத்தை அடித்துவிட்டேன். புதிதாக என்ன எழுதுவதென்று தெரியவில்லை. வெறும் சீட்டைப் பெட்டியில் போட்டு வைத்தேன்.

வசந்தத்தில் ஊருக்குப் போகிறீர்களா என்று மிஸ் லாங்லி கேட்டார். தலையை ஆட்டப் போனவன் நிறுத்திக்கொண்டு, “இல்லை, இருக்கிறேன்” என்றேன். கப்பலை அடுத்த வருஷத்துக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். அகராதி முடியவில்லை, அதுதான் காரணம்.

மத்தியானம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேசுவதற்கு முன் இரண்டு முறை தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். பிறகு, சுவரைப் பார்த்து, சத்தமாகவே கேட்டேன்:

“நேசம், உனக்குச் சம்மதம்தானா?”

காத்திருந்தேன்.

வெளியே பனி உருகத் தொடங்கியிருக்கிறது. கூரை விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் சத்தம். அதைப் பதில் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த அளவுக்கு இப்போது எனக்குத் தெரியும்.